இல்லமும் இயந்திரமும்: பேழை மாறலாம், பொருள் மாறலாகாது



நவம்பர் மாதம் மரித்த விசுவாசிகளுக்குரிய மாதம். இம்மாதம் 2-ஆம் நாளன்று கல்லறைத் தோட்டங்களில் மெழுகுதிரிகள் எரிகின்றன, மாலைகள் சாத்தப்படுகின்றன, குருவானவர் கல்லறைகளை மந்திரித்துச் செல்கின்றார். வீடு திரும்பியபின் பல இல்லங்களில் அலமாரியின் மேல்தட்டிலிருந்து பழைய பெட்டி ஒன்று கீழே இறங்குகின்றது. அதனுள் பெற்றோரின் திருமண வீடியோ கேசட் இருக்கும். மூத்தவனின் புதுநன்மை சி.டி. இருக்கும், தாத்தா பாட்டியின் பொன்விழாத் திருப்பலியைப் பதித்த டி.வி.டி. இருக்கும். “அப்பாவின் குரலை ஒரு முறை கேட்டால் போதும்” என்று தாய் ஏங்குகின்றார். ஆனால் கேசட்டை ஓட்ட டெக் இல்லை, சி.டி.யை ஏற்கும் கருவியும் இல்லை. பெட்டி மீண்டும் மேல்தட்டுக்கே ஏறிவிடுகின்றது.

ஆரப்பாளையத்து இல்லங்கள் பலவற்றில் இப்பெட்டியைக் காணலாம். வைகையின் தென்கரையில், தேனிக்கும் திண்டுக்கல்லுக்கும் கோவைக்கும் பேருந்துகள் புறப்படும் நிலையத்தைச் சூழ்ந்த தெருக்களிலும், அருகிலுள்ள ஞானஒளிவுபுரத்திலும் வாழும் நம் குடும்பங்கள் வீட்டு விசேஷங்களை வீடியோவில் பதித்துவைப்பதில் ஆர்வம் குன்றியதில்லை. முதலில் கேசட், பின்னர் சி.டி., அதன்பின் டி.வி.டி., பிறகு பென் டிரைவ், இன்று கைப்பேசி எனக் கருவிகள் மாறி வந்துள்ளன. ஒவ்வொரு மாற்றத்திலும் சில நினைவுகள் கரையேறின; சில ஆற்றோடு போயின. வீட்டுக் கணிப்பொறியைக் கொண்டு எஞ்சியவற்றைக் கரைசேர்ப்பது எவ்வாறு என்பதே இம்மாதம் நாம் சிந்திக்க எடுத்துக்கொண்ட பொருள்.

காலம் காத்திருப்பதில்லை. வி.எச்.எஸ். கேசட்டை ஜப்பானின் ஜே.வி.சி. நிறுவனம் 1976-இல் அறிமுகப்படுத்தியது. அதனை ஓட்டும் டெக்கைக் கடைசிவரை செய்து வந்த புனாய் என்னும் ஜப்பானிய நிறுவனம் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. இனி உலகில் இருப்பவை பழைய டெக்குகளே. அவையும் ஒவ்வொன்றாய்ப் பழுதாகின்றன. கேசட்டின் நாடாவிலோ பூஞ்சை படர்கின்றது, காந்தப்பூச்சு தளர்கின்றது. ஆகவே கேசட் வைத்திருப்போர், டெக் வைத்துப் பதிவு மாற்றித் தரும் ஸ்டூடியோ இன்னும் இயங்கும்போதே அதனை நாடுவது நலம். நம் நாட்டின் முதல் தமிழ்ப் பேசும்படமாகிய “காளிதாஸ்” 1931-இல் வெளிவந்தது; இன்று அதன் படச்சுருள் எங்கும் கிட்டவில்லை. ஊரெல்லாம் கூடிப் பார்த்த படத்துக்கே அக்கதி எனில், ஒரே ஒரு பிரதியாய் நம் வீட்டில் கிடக்கும் கேசட்டின் கதி யாது?

சி.டி., டி.வி.டி. வைத்திருப்போருக்கு வேறொரு ஆபத்து உண்டு. அது அழிவினால் வருவதன்று, ஆர்வத்தினால் வருவது. இளைஞர் ஒருவர் சி.டி.யைக் கணிப்பொறியில் இடுகின்றார். கைப்பேசியில் அது ஓடவில்லை. இலவசமாய்க் கிடைக்கும் “கன்வெர்ட்டர்” ஒன்றைக் கொண்டு அதனை மாற்றுகின்றார். மாற்றியதை வாட்ஸ்அப்பில் உறவினருக்கு அனுப்ப, அங்கே அது மேலும் சுருக்கப்படுகின்றது. இனி சி.டி. எதற்கு என்று அது பழைய பேப்பர்காரரின் சாக்குக்குள் போய்விடுகின்றது. சில ஆண்டுகள் கழித்துப் பெரிய திரையில் இட்டுப் பார்த்தால், பீடத்தின் முன் நிற்பவர் தாத்தாவா, பெரிய தாத்தாவா என்று அறிய இயலாதபடி முகம் கட்டம் கட்டமாய்ச் சிதைந்திருக்கும். அவ்விளைஞரை நாம் குறை கூறோம். அன்பினால் செய்தார், எடுத்துச் சொல்வார் இல்லாமையே குறை.

நகையும் பேழையும்

எடுத்துச் சொல்ல வேண்டியது இதுவே. வீடியோக் கோப்பு ஒவ்வொன்றும் ஒரு நகைப்பேழை போன்றது. உள்ளே படம் ஒரு நகை. ஒலி மற்றொரு நகை. இவ்விரண்டையும் ஒருங்கே வைத்து, எந்த நொடியில் எந்தப் படத்துக்கு எந்த ஒலி என்று குறிப்பெழுதி மூடிய பேழையே கோப்பு. கோப்பின் பெயருக்குப் பின்னால் வரும் எம்.பி.4, ஏ.வி.ஐ., எம்.கே.வி., வி.ஓ.பி. முதலிய எழுத்துகள் பேழையின் பெயரையே சுட்டுகின்றன. உள்ளிருக்கும் நகையின் தன்மையை அவை முழுதும் சொல்வதில்லை.

நகையின் தன்மையைச் சொல்வது “கோடெக்” என்னும் சுருக்கும் முறை. 1988-இல் அமைந்த எம்பெக் என்னும் பன்னாட்டு நிபுணர் குழு இத்தகைய முறைகள் பலவற்றை வகுத்தது. வீடியோ சி.டி.யில் உள்ள படம் எம்பெக்-1 முறையில் அமைந்தது. நம் நாட்டு முறைப்படி 352-க்கு 288 புள்ளிகள், நொடிக்கு 25 படங்கள். டி.வி.டி.யில் உள்ளது எம்பெக்-2. 720-க்கு 576 புள்ளிகள். 2003-இல் வந்த எச்.264 என்னும் முறையே இன்றைய கைப்பேசிகள் எல்லாம் அறிந்த முறை.

இனி முக்கியமான வேறுபாட்டைக் காண்போம். பழைய பேழையிலிருந்து நகையை எடுத்து, தொட்டுத் திருத்தாமல் அப்படியே புதிய பேழையில் வைப்பது ஒன்று. கணிப்பொறி வல்லார் இதனை “ரீமக்ஸ்” என்பர். நகையை உருக்கி, வேறு நகையாய்ச் செய்து வைப்பது மற்றொன்று. கன்வெர்ட்டர்கள் பெரும்பாலும் செய்வது இதுவே. நகையை உருக்கினால் சேதாரம் உண்டு என்பதை நம் தாய்மாருக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. படத்தை உருக்கினாலும் அப்படியே. ஒவ்வொரு முறை உருக்கும்போதும் முகத்தின் சுருக்கம், பட்டுச்சேலையின் சரிகை, பீடத்து மெழுகுதிரியின் சுடர் என நுண்ணிய விவரங்கள் கழிவாகிப் போகின்றன. போனவை எந்த இயந்திரத்தாலும் மீளா. பழைய வீடியோக் காமிரா ஒவ்வொரு படத்தையும் ஒற்றை வரிகள், இரட்டை வரிகள் என இரு பாதியாய் எழுதியது. இதனை அறியாத கன்வெர்ட்டர், அசையும் உருவங்களின் ஓரத்தில் சீப்பின் பற்கள் போன்ற கோடுகளை நிரந்தரமாய்ப் பதித்துவிடுவதும் உண்டு.

பேழை மாற்றத்தில் இச்சேதாரம் சிறிதும் இல்லை. பழைய தோற்பையையும் புதிய இரசத்தையும் பற்றி ஆண்டவர் அருளிய உவமையை வாசகர் அறிவர். இங்கே முறை சற்று வேறு: இரசம் பழையது, தோற்பை புதிது, துளியும் சிந்தாமல் மாற்றுவதே வேலை.

நாம் செய்வது பேழை மாற்றமா, உருக்குதலா என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. ஒரு மணி நேர வீடியோவின் பேழையை மாற்றச் சாதாரணக் கணிப்பொறிக்கும் ஓரிரு நிமிடங்களே பிடிக்கும். கணிப்பொறி நெடுநேரம் சூடேறி இரைந்துகொண்டிருந்தால், உள்ளே உலை எரிகின்றது என்று அறிந்துகொள்க.

செய்முறை

இதற்குரிய மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. பிரான்சு நாட்டவரான பபிரீஸ் பெல்லார் 2000-இல் தொடங்கிய எஃப்.எஃப்.எம்பெக் என்பது இவற்றுள் தலையாயது. கட்டளை எழுதி இயக்க வேண்டிய அதனிடம் “காப்பி” என்று ஒரு சொல் சேர்த்துச் சொன்னால் போதும், உருக்காமல் மாற்றித்தரும். கட்டளை எழுதத் தயங்குவோர்க்குப் பொத்தான்களால் இயங்கும் அவிடெமக்ஸ், லாஸ்லெஸ்கட், எம்.கே.வி.டூல்நிக்ஸ் ஆகியவை உண்டு. அவிடெமக்ஸில் படத்துக்கும் ஒலிக்கும் தனித்தனியே “காப்பி” என்று தேர்ந்தெடுத்துவிட்டுப் பேழையை மட்டும் மாற்ற வேண்டும்.

சி.டி.யைத் திறந்தால் எம்பெகாவ் என்னும் உறையில் “டாட்” என முடியும் கோப்பு இருக்கும். அதனை முதலில் அப்படியே கணிப்பொறியில் படியெடுத்து வைக்க வேண்டும். பின்னரே பேழை மாற்றம். டி.வி.டி.யில் ஒரே திருமணம் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 1 ஜி.பி. அளவுள்ள பல வி.ஓ.பி. கோப்புகளாய்த் துண்டுபட்டிருக்கும். எம்.கே.வி.டூல்நிக்ஸில் முதல் துண்டைக் கொடுத்தால் எஞ்சியவற்றையும் வரிசையாய்ச் சேர்த்து ஒரே கோப்பாக்கித் தரும். எம்.கே.வி. என்பது 2002-இல் தோன்றிய மட்ரோஸ்கா என்னும் பேழை. ஒன்றனுள் ஒன்றாய் அடங்கும் உருசிய மரப்பொம்மையின் பெயரைத் தழுவியது. எந்த நகையையும் ஏற்கும் விசாலமான பேழை அது. 2006-க்குப் பின் வந்த சிறு காமிராக்கள் எழுதிய எம்.டி.எஸ். கோப்புகளுக்கும் அதுவே தகும். அவற்றை எம்.பி.4 பேழையில் வைத்தால் சில கைப்பேசிகளில் படம் ஓடும், ஒலி வராது. ஒலியின் கோடெக்கை அக்கைப்பேசி அறியாமையே காரணம். ஒலி அழிந்துவிட்டதென்று அஞ்ச வேண்டாம்.

ஆயினும் பேழை மாற்றம் எல்லாம் செய்யும் என்று எண்ணுதலும் தவறு. எம்பெக்-1 நகையை எம்.பி.4 பேழையில் வைத்ததனாலேயே கைப்பேசி அதனை ஓட்டிவிடாது. அவ்விடத்தில் உருக்கித்தான் ஆக வேண்டும். அப்போது இரண்டு படிகள் வேண்டும் என்பதே நம் அறிவுரை. ஒன்று மூலப்படி, உருக்காதது, எவரும் தொடாதது. மற்றொன்று வழங்குபடி; மூலத்திலிருந்து ஒரே ஒரு முறை எச்.264-ஆக மாற்றி, உறவினருக்கு அனுப்புவதற்காகச் செய்தது. அனுப்பியதிலிருந்து மீண்டும் அனுப்பாமல், எப்போதும் மூலத்துக்கே திரும்பிச் செல்ல வேண்டும். ஏட்டுச்சுவடி பெயர்த்தெழுதிய நம் முன்னோர், படியிலிருந்து படி எடுத்ததனால் விளைந்த பாடபேதங்கள் எத்தனை என்று புலவர்கள் சொல்லக் கேட்டிருக்கின்றோம் அன்றோ?

பங்குகளில் திருப்பலியை ஒளிபரப்பும் இளைஞர்க்கும் ஒரு சொல். 2020 மார்ச் 25 முதல் நாடெங்கும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தபோது, ஏப்ரல் 10-ஆம் நாள் பெரிய வெள்ளியையும் 12-ஆம் நாள் உயிர்ப்புப் பெருவிழாவையும் நம் குடும்பங்கள் வீட்டுத் திரையிலேயே கண்டன. படுக்கையில் கிடந்தவாறே கிறிஸ்து பிறப்புத் திருப்பலியைச் சுவரில் கண்டதாக மரபு கூறும் அசிசி நகர்ப் புனித கிளாராளை, பன்னிரண்டாம் பத்திநாதர் 1958-இல் தொலைக்காட்சியின் பாதுகாவலியாக அறிவித்ததன் பொருள் அந்நாள்களில் பலருக்கும் விளங்கிற்று. அக்காலம் முதல் பல பங்குகள் ஓ.பி.எஸ். என்னும் இலவச மென்பொருளால் திருப்பலியைப் பதிவு செய்கின்றன. சாதாரண எம்.பி.4 பேழையில், எந்தப் படம் எங்கே உள்ளது என்னும் அட்டவணை கடைசியிலேயே எழுதப்படும். இடையில் மின்சாரம் போனால் அட்டவணை இல்லை. அட்டவணை இல்லையேல் ஒரு மணி நேரத் திருப்பலியும் திறவாத பெட்டியாகிவிடும். எம்.கே.வி.யில் பதிந்தால் மின்சாரம் போன நொடிவரை தப்பும். ஆகவே முதலில் எம்.கே.வி.யில் பதிந்து, முடிந்தபின் அம்மென்பொருளிலேயே உள்ள ரீமக்ஸ் வசதியால் எம்.பி.4-ஆக மாற்றுதலே விவேகம். மின்வெட்டு அறிந்த நமக்கு இது பெரிய உபகாரம்.

வெட்டும் கத்தரியும் விசுவாசமும்

மாற்றிய பின் வெட்டுதல் வருகின்றது. மூன்று மணி நேரத் திருமண வீடியோவில் பந்தி பரிமாறுதலே ஒரு மணி நேரம் இருக்கும். வெட்டுவது குற்றமன்று, வெட்டும் முறையை அறிய வேண்டும். சுருக்கப்பட்ட வீடியோவில் எல்லாப் படங்களும் முழுப்படங்கள் அல்ல. முழுப்படம் ஒன்று வரும்; அதனை அடுத்துப் பல படங்கள், முன்னதிலிருந்து மாறியது யாது என்னும் குறிப்பாக மட்டுமே வரும். டி.வி.டி.யில் ஏறத்தாழ அரை நொடிக்கு ஒரு முழுப்படம். கைப்பேசிப் பதிவில் இடைவெளி இதனினும் நீளலாம். உருக்காமல் வெட்டுவதாயின் முழுப்படம் உள்ள இடத்திலேயே தொடங்க வேண்டும். அவிடெமக்ஸில் மேல், கீழ் அம்புக்குறிகளை அழுத்தினால் அவ்விடங்களுக்கே தாவிச் செல்லும். நாம் விரும்பும் இடத்துக்கு ஒரு முழுப்படம் முன்னதாகவே வெட்டுவோமாக. அரை நொடி கூடுதலாய் இருப்பதனால் நட்டமொன்றும் இல்லை.

ஆனால் கத்தரியைக் கையில் எடுக்குமுன் மனச்சான்றையும் கேட்டுக்கொள்ள வேண்டும். பழைய திருமண வீடியோக்கள் பலவற்றில், மணமக்கள் வார்த்தைப்பாடு கொடுக்கும் நேரத்தில் அவர்கள் குரலை அடக்கிவிட்டுத் திரைப்படப் பாடலை ஒலிக்கவிட்டிருப்பர். அன்று அது அலங்காரமாகத் தோன்றிற்று. இன்று அவர்களுள் ஒருவர் கல்லறையில் உறங்க, மற்றவர் “அவர் சம்மதம் சொன்ன குரல் எங்கே?” என்று தேடுகின்றார். பாடலை எங்கும் கேட்கலாம். அக்குரல் ஒரே இடத்தில்தான் இருந்தது. இன்று வீடியோ திருத்துவோர் இதனை மறவாதிருப்பார்களாக. பாடல் வேண்டுமாயின் மூல ஒலியை அழிக்காமல் இரண்டாவது ஒலித்தடமாகச் சேர்க்கலாம்; எம்.கே.வி. பேழை பல ஒலித்தடங்களை ஏற்கும். பார்ப்பவர் விரும்பியதைத் தேர்ந்து கேட்கலாம்.

இவ்வசதியைக் கொண்டு அதனினும் மேலான காரியம் ஒன்று செய்யலாம். வீட்டில் உள்ள மூத்தவரைத் திரையின் முன் அமர்த்துங்கள். வீடியோ தொடங்கும் அதே கணத்தில் கைப்பேசியில் ஒலிப்பதிவையும் தொடங்குங்கள். “இவர் நம் ஞானத்தகப்பன், இந்தப் பாட்டி ஆற்றில் தண்ணீர் வந்த நாளில் நடந்தே வந்தாள், பின்னால் நிற்கும் பையன்தான் இப்போது குருவானவராய் இருக்கின்றான்” என்று அவர் தம் போக்கில் பேசட்டும். அந்த ஒலிக்கோப்பை எம்.கே.வி.டூல்நிக்ஸ் வழியே இரண்டாம் தடமாகச் சேர்த்துவிட்டால், படம் உருக்கப்படுவதில்லை, மூல ஒலி அழிவதில்லை, மூத்தவரின் நினைவும் படத்தோடு ஒட்டிக்கொள்கின்றது. தமிழ் எழுதப் படிக்க அறியாத அயல்நாட்டுப் பேரப்பிள்ளைகளுக்காக அவர்கள் அறிந்த மொழியில் எழுத்துவரிகளையும் சேர்க்கலாம். பெயர் தெரியாத முகங்கள் நிறைந்த வீடியோ, இரண்டு தலைமுறைக்குப் பின் அந்நியர் வீட்டு வீடியோவே. பெயர் சொல்ல வல்லவர் உயிரோடிருக்கும் நாள்களோ எண்ணப்பட்டவை.

மற்றொரு கத்தரியும் உண்டு. பாகப்பிரிவினையில் பிணங்கிய சித்தப்பா, மனம்முறிந்து விலகிய மருமகன் என இவர்கள் வரும் பகுதிகளை நீக்கித் தரும்படி ஸ்டூடியோக்காரரைக் கேட்போர் உளர். வழங்குபடியில் எதைக் காட்டுவது என்பது குடும்பத்தின் உரிமை. மூலப்படியில் மட்டும் கைவைக்க வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கின்றோம். அன்று அவர் மாலையோடு வந்து வாழ்த்தியது உண்மை. பின்னர் வந்த கசப்பு, முன்னர் இருந்த அன்பைப் பொய்யாக்காது. ஒப்புரவு வரும் நாளில் அந்தச் சில நொடிகளே இரு வீட்டாரையும் அருகருகே உட்கார வைக்கக்கூடும். வெட்டி எறிந்துவிட்டால் அந்த வாய்ப்பையும் எறிந்தவர்கள் ஆவோம்.

இறுதியாகச் சேமிப்பு. மூலப்படி ஒரே இடத்தில் இருத்தல் ஆகாது. மூன்று படிகள் வேண்டும். அவை இரு வகைக் கருவிகளில் இருக்க வேண்டும். ஒன்றேனும் வேறு வீட்டில் இருக்க வேண்டும் என்பர் இத்துறை அறிந்தோர். செலவு மிகுதி என்று மலைக்க வேண்டாம். சாதாரண டி.வி.டி. ஒன்றின் கொள்ளளவு 4.7 ஜி.பி.; 1 டி.பி. ஹார்டு டிஸ்கில் அத்தகையவை இருநூறுக்கு மேல் அடங்கும். அண்ணன் வீட்டில் ஒன்று, தங்கை வீட்டில் ஒன்று என்று பகிர்ந்து வைத்தால் உறவுக்கும் அது ஒரு கட்டு. ஆண்டுக்கு ஒருமுறை, கல்லறைத் திருநாள் மாலையிலேயே, அதனை இணைத்து ஓட்டிப் பார்ப்பது நல்ல வழக்கமாகும். பழைய டிஸ்கையும் எறிந்துவிட வேண்டாம்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4-ஆம் நாள் வெளியிட்ட சமூகத் தொடர்புச் சாதனங்கள் பற்றிய ஏட்டில், இக்கருவிகளை நன்மைக்குப் பயன்படுத்துமாறு விசுவாசிகளைக் கேட்டுக்கொண்டது. 2006-இல் பதினைந்தாம் வயதில் மரித்து, 2025 செப்டம்பர் 7-ஆம் நாள் புனிதராக உயர்த்தப்பட்ட கார்லோ அக்குதிஸ், தம் வீட்டுக் கணிப்பொறியைக் கொண்டே நற்கருணைப் புதுமைகளைத் தொகுத்து உலகுக்குக் காட்டினார். நம் பங்குகளின் இளைஞர் கையிலும் அதே கணிப்பொறி இருக்கின்றது. ஞாயிறு திருப்பலிக்குப் பின் பங்கு மன்றத்தில் ஒரு மேசையும் ஒரு கணிப்பொறியும் இட்டு, முதியோர் கொண்டுவரும் சி.டி.க்களைப் பழுதின்றிப் பேழை மாற்றித் தருவதை ஓர் அன்புப்பணியாக ஏற்கலாகாதா? பிள்ளைகள் வெளியூரில் இருக்க, தனியே வாழும் ஒரு விதவைத் தாய்க்கு அவர் கணவரின் குரலை மீட்டுத் தருவதும் இரக்கச் செயலே.

வாசகக் குடும்பங்கள் இம்மாதமே அந்தப் பெட்டியைக் கீழே இறக்குவார்களாக. உள்ளே இருப்பவற்றைப் பட்டியல் எழுதுங்கள். கேசட் இருந்தால் அதனை முதலில் கவனியுங்கள். எதையும் உருக்குமுன் ஒரு படி எடுத்து வையுங்கள். மரித்தோருக்காகச் செபிக்கும் நம் உதடுகள், அவர்தம் பெயரையும் முகத்தையும் குரலையும் நம் பிள்ளைகளுக்கு ஒப்படைக்கவும் கடமைப்பட்டவை. அக்கடமையை நிறைவேற்ற இறைவன் நமக்கு நாளும் ஆற்றலும் அருள்வாராக.